அஃப்ரெய்ட் என்றால் பேடி அல்ல

இந்த ஊரில் ரொட்டிக் கடைக்காரர் பயப்படுகிறார். பேருந்து ஓட்டுநர் பயப்படுகிறார். முடிவெட்டும் பெண்ணும் பயப்படுகிறாள். "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று தொடங்கித்தான் ரொட்டி தீர்ந்துவிட்டது, இந்த வண்டி அங்கே போகாது, இன்று நேரமில்லை என்றெல்லாம் சொல்கிறார்கள். முகத்தில் பயத்தின் சாயலே இருக்காது. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. அஃப்ரெய்ட் என்றால் பயம் என்றுதான் எங்கள் ஊர் அருமனைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். பயத்தை எங்கள் வீட்டில் பேடி என்போம். அலுவலகத்தில் மேலாளர் என் அறிக்கையை 'அலார்மிங்' என்றபோது, எழுப்பிவிடும் கடிகாரம்தான் நினைவுக்கு வந்தது. அவரைத் திடுக்கிட வைத்திருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. 'வொரி' உள்ளே கிடந்து அரிப்பது, 'பேனிக்' கைகாலை உதறவைப்பது, 'கன்சர்ன்' குரலை உயர்த்தாமல் சொல்லும் கவலை என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அஃப்ரெய்ட் வெறும் மரியாதை என்றும் பழகிக்கொண்டேன்.

என் மனைவி ஜெபாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஒருநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "எந்திச்சதுல இருந்து பிள்ள சவிட்டவே இல்ல" என்றாள். ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேறுகால நர்ஸ் ஒருத்தி அவளைப் படுக்கவைத்து, களிம்பு தடவி, துடிப்பைக் கேட்கும் கையடக்கக் கருவியை வயிற்றில் வைத்தாள். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று நகர்த்திப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. கருவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று தொடங்கி வேகமாக ஏதோ சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் அறையை விட்டு வெளியே போய்விட்டாள்.

"என்ன சொன்னா அவ?" என்று ஜெபா கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர்களிடம் கற்ற அர்த்தமெல்லாம் எங்கோ போய், பள்ளிக்கூடத்து அர்த்தம் மட்டும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முன்பு ஒருமுறை ரப்பர் தோட்டத்தில் அப்பாவைப் பாம்பு கடித்தபோது, மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மாவின் தோளை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "பேடிக்காண்டாம் அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா பிழைப்பார் என்று அவருக்கும் அப்போது தெரியாது. ஆனாலும் அம்மா மூச்சுவிட்டது அந்தக் கையால்தான். இங்கே இவள் எங்களைத் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன். ஜெபாவின் விரல்கள் என் கையில் குளிர்ந்துகொண்டிருந்தன.

நர்ஸ் இன்னொரு கருவியோடு திரும்பி வந்தாள். வைத்ததும் அறை நிறைய இதயத் துடிப்பு. கேட்டுக்கொண்டே இருந்தோம். ஜெபா அழுதாள், நானும்தான். நர்ஸ் திகைத்துப் போனாள். முதல் கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றுதானே சொன்னேன் என்றாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து அவளுக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஜெபாவின் தோளில் கையை வைத்து, "நோ கன்சர்ன்ஸ்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தக் கையையும் மறக்க மாட்டேன்.

வயிற்றில் பட்டை கட்டி, துடிப்பைச் சற்றுநேரம் கவனிக்க வேண்டுமென்றாள். அதற்குள் பிள்ளை இரண்டு முறை உதைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே சொல்லியிருந்ததால், ஊரில் விவரம் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த அம்மாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அந்த நர்சம்மைக்கு என்னத்துக்கு மக்கா பேடி?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லி முடித்ததும் வெகுநேரம் சிரித்தார். பிறகு அந்தச் சத்தத்தைத் தானும் கேட்க வேண்டும் என்றார். போனின் ஒலியைக் கூட்டி, கருவிக்குப் பக்கத்தில் பிடித்தேன். அம்மாவின் பக்கமிருந்து தகரக் கூரையில் விழும் மழை இரைந்து வந்து, துடிப்போடு கலந்தது.

அது என்ன சத்தம் என்று நர்ஸ் கேட்டாள். மழை என்றேன். அவள் எட்டி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.