படலையில் கேட்ட கேள்வி

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஆளின் முகம் பார்த்துச் சொல்லக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

சன்னிதி முருகன் கோயில் திருவிழாவுக்கென்று என் தங்கையின் மகள் கனடாவிலிருந்து வந்து, வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. நன்றாகத் தமிழ் கதைப்பாள், காண்கிற எல்லோரோடும் சிரிப்பாள். என் மகன் கடல்தொழில் செய்கிறவன். அவள் வந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விடிகிற நேரம், அவன் சாப்பாட்டுப் பையோடு வாசல் படலையைத் திறந்தான். படலைக்குப் பக்கத்துக் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றவள் வாஞ்சையாகக் கேட்டாள்.

"அண்ணா, எங்கை போறீங்கள்?"

எங்கள் ஊரில் வீட்டைவிட்டு வெளிக்கிடுகிற ஆளை அப்படிக் கேட்பதில்லை, போகிற காரியம் தடைப்படும் என்பார்கள். கேட்டே தீரவேண்டுமென்றால் "தூரமோ?" என்போம். கடலுக்குப் போகிறவனை அதுகூடக் கேட்கமாட்டோம். பார்த்தும் பாராதது போல நிற்போம்.

மகன் முகம் கறுத்துத் திரும்பினான்.

"விடியக்காலமை மூதேவி மாதிரி நிண்டு மறிக்கிறாய். உனக்கு ஆரும் ஒண்டும் பழக்கேல்லையோ?"

இப்படித் தடைப்பட்டால் திரும்பி வந்து இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். நான் குசினிக்குள் ஓடிச் செம்பில் தண்ணீர் எடுத்து வந்தேன். அதற்குள் அவன் வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் காத்துநின்ற கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டான். "போட்டு வாறன்" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. போய் வருகிறேன் என்கிற அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒருநாளும் போகாதவன். கூப்பிட வாயெடுத்தேன். போகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடுவதும் கூடாது. செம்போடு அப்படியே நின்றேன்.

"அக்கறையிலைதானே கேட்டனான், பெரியம்மா. அதிலை என்ன பிழை?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிழையில்லை, பிள்ளை."

"அப்ப ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை? அங்கை ஆரும் இப்பிடி ஏசினா அந்த இடத்திலையே சொறி சொல்லி மன்னிப்புக் கேக்க வைப்பம். பேசாமல் நிண்டா எங்களிலைதான் பிழை எண்டு ஆகிடும்."

"அவன் வரட்டும்."

"ஏன் வரட்டும்? இப்பவே போன் அடிச்சுக் கேக்கிறன்."

"ஐயோ, வேண்டாம் பிள்ளை. கடலுக்குப் போறவனோடை கொழுவிச் சண்டை பிடிக்காதை."

அவள் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்தாள். பிறகு எடுத்துப் பார்த்தாள். "ஓஃப் பண்ணி வைச்சிருக்கிறார்," என்றாள்.

பிழை என்னுடையதுதான். வந்த அன்றே இங்கே இப்படிக் கேட்கக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கலாம். விருந்துக்கு வந்த பிள்ளையைத் திருத்தினால் தங்கை மனம் நோவாளே என்று விட்டுவிட்டேன்.

பத்து மணிபோலக் கச்சான் காற்று எழும்பியது. அந்தக் காற்று எங்கள் கரையிலிருந்து வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளும். வழக்கமாக மகன் பதினொரு மணிக்குள் வந்துவிடுவான். பன்னிரண்டாகியும் வரவில்லை. அடுப்பில் உலை கொதித்தபடி இருந்தது, அரிசி போட மறந்துபோனேன்.

ஒரு மணிக்கு, கூட்டாளியின் பெண்சாதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னணை அக்கா, உங்கடை கனடாக்காரியெல்லே இண்டைக்கு மறிச்சவளாம்? உவளின்ரை நாக்கிலை என்ன, கரியோ?"

"ஆர் சொன்னது? அவள் இப்பதான் நித்திரையாலை எழும்பினவள்."

என் வாழ்நாளில் அவ்வளவு கெதியாக நான் பொய் சொன்னதில்லை. மகனுக்கும் கூட்டாளிக்கும் ஏதும் ஆகிவிட்டால், இந்தப் பிள்ளையின் கேள்விதான் காரணம் என்று ஊர் ஆயுளுக்கும் சொல்லும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவளும் பயந்துபோய்த்தான் அப்படிக் கதைத்தாள். அவளுடைய மனுசனும் அதே வள்ளத்தில்தான்.

உள்ளே இருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. மெல்ல வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"பெரியம்மா, நான் கேட்டதாலையோ அண்ணா வரேல்லை?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அந்தப் பயம்தான். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் வைத்திருந்த போனைக் கட்டிலில் போட்டாள்.

இரண்டு பேரும் கரைக்குப் போய் நின்றோம். சன்னிதியானே, சன்னிதியானே என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. மூன்று மணி இருக்கும், தொண்டைமானாற்று வள்ளமொன்று எங்கள் வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. இயந்திரம் நின்றுபோய் காற்றோடு வெளியே போய்விட்டார்களாம். மகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தான். தங்கையின் மகளைக் கண்டதும் நின்றான். காலையில் சொன்னதுபோல இந்த இடத்திலேயே அவனைச் சொறி சொல்ல வைக்கப்போகிறாளே என்று அவள் கையைப் பிடித்தேன்.

"சாப்பிட்டனீங்களோ?" என்றான், மணலைப் பார்த்துக்கொண்டு. காலையில் "நீ" என்றவன் இப்போது மரியாதை கொடுத்துக் கேட்டான். எங்கள் ஆண்களிடம் இதற்குமேல் மன்னிப்பு வராது. அது எனக்கு விளங்கியது, அவளுக்கு விளங்கியிருக்காது.

"ஓம் அண்ணா," என்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காத பிள்ளை.

அடுத்த நாள் விடிய மகன் வெளிக்கிடும்போது அவளுடைய அறைக் கதவு பூட்டியிருந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை தாண்டிப் போன பிறகுதான் திறந்தது. அதற்குப் பிறகு இருந்த நாள் முழுக்க அவள் அப்படித்தான் செய்தாள். யாரையும் எங்கே என்று கேட்கவில்லை. வெளியே வா பிள்ளை, ஒன்றுமில்லை என்று நானும் சொல்லவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இதைத் தங்கைக்கு அனுப்பப்போகிறேன். அவள் தன் மகளிடம் இதை வாசித்துக் காட்டி, நாள், நேரம், யார் என்ன சொன்னது என்பதையெல்லாம் சரிபார்க்க வேண்டும். முக்கியமாக ஒன்று. அந்தப் பிள்ளை படலைக்குக் கிட்ட நின்றவள், நான் குசினிக்குள் போய்விட்டேன், என் காதும் மந்தம். மோட்டார் சைக்கிளில் ஏறும்போது அவன் "போட்டு வாறன்" என்று சொன்னானா என்று அவளைக் கேட்டுத் தங்கை எனக்கு எழுதட்டும்.