ஒன்பது ராடு ஆழத்தில் ஒரு கவிதை

எதைப் பற்றி எழுதுகிறேனோ, கவிதையை அதன் உருவத்திலேயே எழுதிப் பார்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு. முறுக்கைப் பற்றி என்றால் வரி சுற்றிச் சுற்றி உள்ளே போகும். படிப்பவர் நோட்டைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உருவம் மாறினால் படிக்கிற மனசும் மாறுமா என்று பார்ப்பதில் அப்படியொரு ஆசை. முறுக்கைப் படித்துவிட்டு என் கணவர், "ஏம்புள்ள, கழுத்தே சுளுக்கிக்கிச்சு" என்றார்.

அவர் ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார். மகளின் காதுகுத்துக்கு இருப்பேன் என்று சொன்னவர், முதலாளி கூப்பிட்டாரென்று மூன்று நாள் முன்னால் கிளம்பிவிட்டார். வந்ததே கோபம் எனக்கு! அவர் போனை எடுப்பதையே விட்டேன். ஒரு மாதம் ஓடிப்போயிற்று. பேசாமல் இருப்பது பழகிக்கொண்டு வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

திட்டுவதை எந்த உருவத்தில் திட்டுவது? அவர் தொழிலின் உருவத்திலேயே திட்டலாமே என்று தோன்றியது. வரிக்கு ஒரே சொல்லாக, நெட்டுக்குத்தாக இறங்கும் துளை போல எழுதினேன்.

வந்தீர்கள்
இருந்தீர்கள்
சொன்னீர்கள்
போனீர்கள்
மண்
மண்
கல்
கல்
கல்

கல்லோடு முடித்ததில் ஏகத் திருப்தி. சுருக்கென்று தைக்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எப்படிப் படித்திருப்பார் என்ற குறுகுறுப்பு தாங்காமல், உடனே வந்த போனை எடுத்தும்விட்டேன்.

"ஒம்பது ராடு எறக்கியிருக்கற" என்றார். துளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் இரும்புக் குழாய்தான் ராடு. வரிகளை அப்படி எண்ணியிருக்கிறார் மனுஷன்! "ஒம்பதெல்லாம் ஒரு ஆழமா புள்ள? தண்ணி வாரதுக்குள்ள நிறுத்திப்போட்டயே."

"அதுதானுங்க முடிவு" என்றேன்.

அவருக்குப் பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

"தண்ணி காணாம நாங்களா நிறுத்த மாட்டோம். தோட்டத்துக்காரரைக் கேப்போம், இன்னும் எறக்கறதா, வண்டியக் கெளப்பறதான்னு. அவரு சொன்னாத்தான் கெளப்புவோம்." மிஷினை விட்டுத் தள்ளி வந்தார் போல, சத்தம் குறைந்தது. "நீ சொல்லு. கெளப்பீரட்டுமா?"

ஐயோ, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கோவம் இன்னும் போகலீங்க" என்றேன். "ஆனா எறக்குங்க."