நான் மட்டும் வாங்கிய டி.சி.

மூன்றாவது மாடிக்காரியைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை என்பதால் கூடுதலாக எரியும். கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எப்போதும் சிரித்த முகம். வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். அந்த ஒரு வார்த்தையில்தான் மோசம் போனேன்.

பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் குடியிருப்பில் நாங்கள் முதல் மாடி, அவர்கள் மூன்றாவது. இரண்டு வீட்டிலும் ஒரே வயதில் ஒரு பெண். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே வேன். ஆறாம் வகுப்பு முடியும் சமயத்தில் என் பெண்ணுக்கு, காலையில் வேன் ஹாரன் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பழக்கம் வந்துவிட்டது. டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். பிரச்சினை வேறு என்ன? தினம் ஒரு டெஸ்ட். மார்க் குறைந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். என் பெண் உள்ளே உட்கார்ந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம்.

மேல்வீட்டுக்காரிதான் பேச்சை எடுத்தாள். "எதுக்கு அக்கா இந்தக் கஷ்டம்? நாமளே வீட்ல வச்சு சொல்லித்தரலாம், ஹோம்ஸ்கூலிங். நான் ஐ.டி. வேலைய விட்டுட்டு சும்மாதானே இருக்கேன். நீங்க எம்.ஏ. தமிழ். ரெண்டு பேர் சேர்ந்தா ரெண்டு பசங்கள படிக்கவைக்க முடியாதா என்ன?"

எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. "நீ பாத்து செய். ஆனா பாதியில என்கிட்ட வந்து நிக்காத" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பெண் மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அவளும் நின்னா நானும் நிக்கறேன். தனியான்னா வேணாம்மா, நான் ஸ்கூலுக்கே போயிடறேன்."

வயிற்று வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், தனியாக இருக்க மாட்டேன் என்கிறது குழந்தை. நான் மேலே போய் அதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். "சத்தியமா அக்கா, ரெண்டு பேரையும் சேர்த்தேதான் நிறுத்தறோம்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்தக் கை ஞாபகம் வரும்போதெல்லாம் ஆத்திரம் புதிதாகப் பொங்குகிறது.

கோடை விடுமுறை முழுக்கப் பாடத்திட்டம் தேடுவதே பிழைப்பாக இருந்தது. கல்யாணப் புடவைக்குக்கூட நான் இத்தனை புரட்டிப் பார்த்ததில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பூங்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். கதர் குர்தா போட்ட ஒருவர், பாடத்திட்டம் என்பதே வேண்டாம், குழந்தையை அதன் போக்கில் விட்டால் அதுவே தேடிப் படித்துக்கொள்ளும் என்றார். "எங்க வீட்டுக் குழந்தைய அது போக்குல விட்டா மத்தியானம் வரைக்கும் பல்லே தேய்க்காது சார்" என்றேன். மேல்வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து விழப் பார்த்தாள். அங்கே ஒரு அம்மாதான் உருப்படியாகப் பேசினார். எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் வருஷத்தின் நடுவில் மட்டும் மாற்றாதீர்கள், ஒவ்வொன்றிலும் பாடம் வேறு வேறு வரிசையில் வரும், பிள்ளைக்கு அங்கேயும் ஒட்டாது, இங்கேயும் ஒட்டாது என்றார்.

எங்கள் ஹாலில் கால் வைக்க இடமில்லாமல் புத்தகங்கள் கிடந்தன. நான் அரசின் சமச்சீர்ப் பாடநூலின் பக்கம் நின்றேன். எனக்குப் பழகிய பாடம், ஒத்துவராவிட்டால் எந்தப் பள்ளியிலும் திரும்பச் சேர்த்துவிடலாம் என்ற தைரியம். அவளோ வெளிநாட்டுப் பாடத்திட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டாள்.

"இதுல மனப்பாடமே இல்லக்கா. கான்செப்ட் புரியும். கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ் மூணும் என் பொறுப்பு. தமிழும் சோஷியலும் நீங்க பாத்துக்கங்க. அது ரெண்டுக்கு வேணா சமச்சீரே வச்சுக்கலாம்."

நான் எடுக்கப்போகாத பாடத்துக்கு நான் எதற்கு வாயைத் திறப்பது என்று ஒப்புக்கொண்டேன். சிங்கப்பூரில் இருக்கும் அவளுடைய நாத்தனார் புத்தகங்களை அனுப்பினாள். வந்தது ஒரு செட்தான். அதைத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் கொடுத்து, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு வாங்கினோம். கலர் கலரான ஒரிஜினல் அவள் பெண்ணுக்கு, கறுப்பு வெள்ளை என் பெண்ணுக்கு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? ஸ்பைரல் புத்தகத்துக்கு அழகாக அட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது டி.சி. இருவரும் ஒரே ஆட்டோவில் பள்ளிக்குப் போனோம். ஆபீஸில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா யோசிச்சிட்டீங்களா மேடம்? டி.சி. வாங்கிட்டா சீட் போச்சு. வெளியில வெயிட்டிங்ல நிக்கறாங்க" என்றார். யோசித்துவிட்டோம் என்று அவளுக்கும் சேர்த்து நானே பதில் சொன்னேன். என் பெண்ணின் டி.சி. கைக்கு வந்தது. அவள் பக்கம் திரும்பினேன்.

"எனக்குப் பொண்ணோட அப்பா கையெழுத்தும் வேணும்னு சொல்றாங்க அக்கா. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்" என்றாள்.

எனக்கு யாருடைய கையெழுத்தையும் கேட்காதவர்கள் அவளுக்கு மட்டும் ஏன் கேட்கிறார்கள்? இந்தக் கேள்வி எனக்கு அந்த ஆட்டோவில் வரவில்லை. மாதங்கள் கழித்துத்தான் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்?

ஜூன் பிறந்தது. காலையில் என் பெண் மேலே போவாள், மத்தியானம் இருவரும் கீழே என்னிடம் வருவார்கள். பொய் சொல்லக் கூடாது, அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. பரப்பளவு பாடத்துக்காக மேல்வீட்டுக்காரி பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்த் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அளக்கவைத்தாள். நான் அனகாபுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் அடையாற்றைக் காட்டி, வெள்ளம் ஏன் வருகிறது என்று நடத்தினேன். வேன் ஹாரன் கேட்டால் என் பெண் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பாள். வயிற்று வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் மூன்றாவது மாடியைப் பார்த்துக் கும்பிடாத குறை.

செப்டம்பரில் மேல்வீட்டுக்காரி, தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மகளுடன் குரோம்பேட்டைக்குப் போனாள். பூஜை விடுமுறை முடிகிற வரைக்கும் அங்கேதான். நான் ரசப்பொடிகூட அரைத்துக் கொடுத்தனுப்பினேன்.

அவர்கள் திரும்பி வந்த மறுநாள் காலை, கொத்தமல்லி வாங்கக் கீழே இறங்கினேன். கேட்டில் அந்த மஞ்சள் வேன் நின்றது. அவளுடைய பெண் யூனிஃபார்ம் போட்டு, இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டி, பையோடு ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் குழந்தை தன் ஷூவைக் குனிந்து பார்த்தது. பின்னாலேயே தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இவள் ஓடி வந்தாள்.

வாட்ச்மேன் அண்ணன் சும்மா இருக்காமல் கேட்டார். "இன்னாம்மா, அந்தப் பாப்பா மட்டும் போவுது? ஒங்க பாப்பா போவல?"

வேன் கிளம்பிப் போனது. பிறகு, "என்னப்பா இது?" என்றேன்.

"நானே சொல்லணும்னுதான் அக்கா இருந்தேன். அவங்க அப்பா ஒத்துக்கவே மாட்டேன்னுட்டாரு."

"சீட் எப்படி வந்துச்சு?"

"சீட்ட விடலக்கா. மெடிக்கல் லீவுன்னு எழுதிக் குடுத்திருந்தோம். ஒருவேள சரிப்படலன்னா… ஒரு சேஃப்டிக்கு."

"உன் பொண்ணுக்கு சேஃப்டி. என் பொண்ணுக்கு?"

"உங்க பொண்ணு வீட்லயே நல்லா படிக்கறாளே அக்கா" என்றாள். கொஞ்சம்கூடக் கூசாமல், ஏதோ பாராட்டுவதுபோல. ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். காய்கறி வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கையை அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கே பள்ளிக்கு ஓடினேன். அதே ஆபீஸ், அதே மனிதர். ஏழாம் வகுப்பில் ஒரு இடம்கூட இல்லை என்றார். "உங்க ஃப்ரெண்டு மாதிரி நீங்களும் லீவு லெட்டர் குடுத்திருக்கலாமே மேடம்? அந்தப் பாப்பா காலாண்டுப் பரீட்சைகூட எழுதிடுச்சே" என்றார். அப்போதுதான் விளங்கியது. குரோம்பேட்டைப் பாட்டிக்கு ஒரு நோயும் இல்லை. அங்கிருந்து குழந்தையைக் கொண்டுவந்து பரீட்சை எழுதவைத்திருக்கிறாள். அந்த வீட்டில் என் ரசப்பொடியில் ரசம் கொதித்திருக்கிறது. என்ன ஒரு நெஞ்சழுத்தம்! பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன என்றிருந்தது.

வீட்டில் அந்த ஸ்பைரல் புத்தகங்கள் என்னைப் பார்த்து இளித்தன. அவள் எடுப்பாள் என்பதற்காக அவள் தேர்ந்தெடுத்த பாடங்கள். எக்ஸும் ஒய்யும் போட்ட பக்கத்தை வைத்துக்கொண்டு நான் முழித்தேன். நடுவில் மாற்றாதீர்கள் என்று பூங்காவில் அந்த அம்மா சொன்னது தெரிந்தும், வேறு வழியில்லாமல் சமச்சீர்க் கணக்குப் புத்தகத்தை வாங்கி வந்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது. இந்தப் புத்தகத்தில் ஒரு கணக்குக்கு வேண்டிய அடிப்படை, அந்தப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத பாடத்தில் இருந்தது. என் பெண் ஒரு கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள், அடுத்ததில் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனக்கே புரியாததை அவளுக்குப் புரியவைக்கப் பார்ப்பேன்.

ஆனால் என் பெண் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தோழியைப் பற்றிக் கேட்கவில்லை, அழவில்லை. பள்ளி விட்டு வேன் வரும் நேரத்துக்குப் பால்கனிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். தனியாக இருக்க மாட்டேன் என்று சொன்ன குழந்தையை நான் தனியாக உட்காரவைத்திருக்கிறேன். மேலே இருப்பவளை மனசுக்குள் திட்டாத வேளை இல்லை. படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அரையாண்டுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்பு, ஒரு சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. திறந்தால் அவள்.

"அக்கா, கோவமா இருக்கீங்கன்னு தெரியும். பொண்ணுக்குத் தமிழ்ல ரொம்ப கம்மி மார்க். ஸ்கூல்ல எடுக்கறது புரியலையாம். உங்ககிட்டதான் படிப்பேன்னு ஒரே அடம். சாயங்காலத்துல ஒரு அரை மணி நேரம்…"

எனக்கு வந்ததே கோபம். "வெக்கமா இல்லையாப்பா உனக்கு? கையப் பிடிச்சு சத்தியம் பண்ணிட்டு என் பொண்ண நடுத்தெருவுல விட்டுட்டுப் போனியே, இப்ப தமிழுக்கு மட்டும் நான் வேணுமா? என் பொண்ணுக்குக் கணக்கு யாரு சொல்லித் தர்றாங்கன்னு ஒரு நாள் வந்து கேட்டியா நீ? போய் உன் ஸ்கூல்லயே கேளு!"

கதவைச் சாத்தப்போனேன். என் பெண் பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"அம்மா, வரட்டும்மா."

"நீ சும்மா இரு. உன்னை ஏமாத்திட்டுப் போனவங்க இவங்க."

"என்னை ஏமாத்தலம்மா. எனக்கு முன்னாடியே தெரியும்."

திரும்பினேன். "என்னடி தெரியும்?"

"அவ சீட்ட விடலன்னு. ஸ்கூல் தெறக்கறதுக்கு முன்னாடியே அவ என்கிட்ட சொல்லிட்டா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பிராமிஸ் வாங்கினா."

வாசலில் நின்றவளுக்கும் அது புதுச் செய்திதான். அவள் முகம் செத்துப்போனது. இத்தனை மாதம் என் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, என்னோடு அடையாற்றைப் பார்த்து, இதை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். மேலே இருப்பவள் ஏமாற்றியதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ ஆன்ட்டிகிட்ட சண்டைக்குப் போயிருப்ப. அவ அன்னிக்கே ஸ்கூலுக்குப் போயிருப்பா. டி.சி.தான் ஏற்கெனவே வாங்கியாச்சே" என்றாள். "சொல்லாததால கொஞ்ச நாளாச்சும் கூட இருந்தாள்ல?"

யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது மாடிக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அழுகை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"நாளையில இருந்து பொண்ண அனுப்பு" என்றேன் அவளிடம். "அரை மணி நேரம் இல்ல, எவ்வளவு நேரம் வேணாலும் இருக்கட்டும். நீ மட்டும் கூட வராத."