வட்டத் துளையும் தட்டை வாலும்

குருநகர் மீன் சந்தை வாசலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறேன். பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கத்தி பிடியை விட்டுக் கழன்று விழுகிறது. வாங்க நின்றவர்கள் அடுத்த பலகைக்கு நகர்கிறார்கள்.

பிடியையும் கத்தியையும் வாங்கிப் பார்க்கிறேன். பிடிக்குள் போகும் கத்தியின் வால் தட்டை. துளையோ வட்டம், இடைவெளியில் துணி திணிக்கப்பட்டிருக்கிறது.

"எங்கடை மனுசன்ரை வேலை," என்கிறாள்.

நான் கத்திப்பிடி செய்கிறவன். பையில் பூவரசம் பிடி ஒன்று இருக்கிறது. அதில் சிறு துளை மட்டும் போட்டிருக்கிறேன். அந்தத் துளையைத் தட்டையாக்க, இரும்பு அறுக்கும் வாளின் உடைந்த அலகைத் தேய்த்து நானே செய்த மெல்லிய அரத்தை எடுக்கிறேன்.

"உதென்ன அண்ணை, பல்லுக்குத்தியோ?"

அரத்தைத் துளைக்குள் விட்டு இழுக்கிறேன். பாதியில் அரத்தின் நுனி ஒடிகிறது. மிஞ்சிய துண்டைச் சீமெந்துப் படியில் தேய்த்துப் புது நுனி எடுக்கிறேன். பஸ் வந்து நிற்கிறது.

"உங்கடை பஸ் போகப்போகுது!"

"போகட்டும் தங்கச்சி. இதை முடிச்சிட்டுத்தான் எழும்புவன்."

துளை மெல்ல மெல்லத் தட்டையாகிறது. வாலைச் செருகிப் பிடியைக் கல்லில் குத்த, அது இறுக்கமாக இறங்குகிறது. அவள் கத்தியை ஓங்கிப் போடுகிறாள். ஒரே வெட்டில் பாரையின் தலை தனியாகிறது, பிடி அசையவில்லை.

"அங்காலை நிக்கிறவை இஞ்சாலை வாங்கோ!" என்று சந்தை முழுக்கக் கேட்கக் கூப்பிடுகிறாள்.