ஒரே மாதிரி நான்கு சாலைகள்

2003 மே மாதம், ஒரு புதன்கிழமை பிற்பகலில் ஹவுராவில் வந்து இறங்கினோம். என் மகள் சுமதிக்கு சால்ட் லேக் ஐந்தாவது செக்டாரில் மென்பொருள் வேலை. திங்களன்று சேர வேண்டும். அதற்குள் அவள் தங்க ஓர் இடம் பார்க்க வேண்டும். எது நல்ல இடம் என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். திருச்சியில் நகரமைப்பு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக மனைப்பிரிவு வரைபடம் போடுகிறவன் நான்.

முதலில் பவானிபூர். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் பத்மா மாமியின் வீட்டு மாடி அறை. டாக்சியிலிருந்து வாசலுக்கு ஐம்பது அடிதான். அதற்குள் நடைபாதையில் முடிதிருத்துபவரின் நாற்காலி, ஒரு சோற்றுக்கடை, இஸ்திரி மேசை, தெருக்குழாயடியில் உடம்பெல்லாம் சோப்போடு குளிக்கும் ஓர் ஆள். நடக்க மிஞ்சியது ஒன்றரை அடி. சோப்புத் தண்ணீர் என் செருப்பை நனைத்தது.

"முழுக்க ஆக்கிரமிப்பு," என்றேன்.

"ஆக்கிரமிப்பாவது! எல்லாரும் நம்ம பேட்டை மனுஷா," என்று சிரித்தார் மாமி. "அந்தக் குளிக்கறவர் நிமாய். இருபது வருஷமா அதே குழாய்தான்."

"அப்பாவுக்கு எதையும் ஸ்கேல் வச்சு அளந்தாதான் தூக்கம் வரும் மாமி," என்றாள் சுமதி. அவளுக்கு அறை பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழன், பகல் பன்னிரண்டு மணிக்கு சால்ட் லேக்குக்கு பஸ் ஏறினோம். ஆளுக்கு ஆறு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். கருணாமயியில் இறங்கியதும் மனம் குளிர்ந்தது. அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், சந்திப்புகளில் வட்டப் பூங்காக்கள், எழுத்துகளால் பெயரிட்ட பிளாக்குகள். காலியான நடைபாதை. நான் காகிதத்தில் மட்டுமே பார்த்த ஊர். விளம்பரத்தில் பார்த்திருந்த வீட்டில் அறையைப் பார்த்துவிட்டு, ஞாயிறன்று வருவதாக நானே வாக்குக் கொடுத்தேன். சுமதி தன் நீலக் குடையை விரித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

இரண்டு இருபது. பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடக்கும்போது, "தலை சுத்துதுப்பா," என்றாள். மதில் ஓரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். கண் செருகியது. பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு வீடுகளில் மணி அடித்தேன். ஒரு நாய் குரைத்தது. யாரும் வரவில்லை. சாலை நெடுக ஓர் ஆள் இல்லை.

ஆள் தேடி ஓடினேன். வட்டப் பூங்காவைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டி. யாரும் கிடைக்காமல் திரும்பியபோது எதிரே நான்கு சாலைகள். நான்கிலும் ஒரே மரங்கள், ஒரே மதில்கள். நான் வந்தது எது? ஒன்றில் ஓடினேன், அவள் இல்லை. இன்னொன்றிலும் இல்லை. பெற்ற பெண்ணை மயக்கத்தில் விட்டுவிட்டு, எங்கே விட்டேன் என்று தெரியாமல் நடு வெயிலில் நின்றேன்.

ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். ரிக்‌ஷாக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கோன் டேங்க்?" எந்தத் தொட்டி என்று. அங்கே அடையாளம் சொல்வது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் எண்ணை வைத்துத்தானாம். அண்ணாந்து பார்க்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. என்னை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினார். ஐந்தாவதாக நுழைந்த சாலையில் சுமதியின் நீலக் குடை கிடந்தது. பக்கத்தில் அவள், கண் திறந்திருந்தாள். மணி இரண்டு ஐம்பது. அவர் தன் பாட்டில் தண்ணீரை அவள் முகத்தில் தெளித்துக் குடிக்கக் கொடுத்தார்.

"எங்கப்பா போனீங்க?" என்றாள். குடையை எடுத்து அவளுக்கு மேல் பிடித்தேன்.

அவள் நிழலில் படுத்துத் தெளிந்த பிறகே கிளம்பினோம். ஐந்தரைக்கு டாக்சி பவானிபூரில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்ததும் முடிதிருத்துபவர் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். சோற்றுக்கடை அம்மாள் எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டு நீட்டினார். இடுப்பில் ஈரத் துண்டோடு நிமாய், "கீ ஹொலோ, தீதி?" என்று கேட்டபடி ஓடிவந்தார். என்ன ஆச்சு அக்கா என்று அர்த்தமாம். நான் இறங்குவதற்குள் ஏழு பேர் சூழ்ந்திருந்தார்கள்.

ஞாயிறன்று அவளை மாமி வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

திருச்சியில் என் மேசைமேல் ஒரு புதிய மனைப்பிரிவு காத்திருந்தது. வட்டப் பூங்காவுக்காகக் காம்பஸை ஊன்றியவன், அதை எடுத்துக் கீழே வைத்தேன். "இங்க யாராவது விழுந்தா யார் பார்ப்பா?" என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டேன். "வரைபடத்துல யார் சார் விழப்போறா?" என்றார்.

அன்று மாலை சுமதிக்குப் போன் செய்து, நடைபாதையில் நடக்க இடமிருக்கிறதா என்று கேட்டேன்.

"இடம் எங்கப்பா இருக்கு! இப்ப செருப்புத் தைக்கிறவர் ஒருத்தரும் வந்து உக்காந்துட்டார்."

"நம்ம வாசலுக்கு எதிரிலயா?"

"ஆமாப்பா."

"நல்லது," என்றேன்.