நான் எழுதினேன், எனக்குச் சொந்தமில்லை

சென்னைக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் நான், ஊர்ப்பாசத்தில் ஒரு தர்மகாரியம் செய்தேன். துபாயில் அதே வேலை பார்த்துத் திரும்பிய நண்பன் ரஃபீக், குடவாசலில் அறுவடை மிஷின்களை வாடகைக்கு விடுகிறான். எந்த வயலுக்கு எப்போது மிஷினை அனுப்புவது என்று வரிசைப்படுத்தும் புரோகிராம் ஒன்றை லீவில் எழுதி, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டேன். பெரிய வள்ளல் என்று நினைப்பு.

சம்பா அறுவடை நடுவில் மேனேஜர் கூப்பிட்டார்.

"வேலையில சேர்றப்ப கையெழுத்து போட்டீங்களே, படிச்சீங்களா? இங்க இருக்கிற வரைக்கும் நீங்க எழுதுறதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். இணையத்துல போட்ட அந்த அறுவடை புரோகிராமை எடுத்துடுங்க, இல்லேன்னா வேலை போயிடும்."

ரஃபீக்குக்கு போன் செய்தேன். "மாப்ள, அந்தப் புரோகிராம் கம்பெனிக்குச் சொந்தமாம். உன்கிட்ட இருக்கிறதையும் அழிச்சுடுடா."

"குத்தகைக்கு எடுத்த நிலத்தையே தானம் பண்ணிட்டியா? மழை வர்ற மாதிரி இருக்கு, ஊரே மிஷினுக்குக் காத்திருக்கு. நீ போட்டப்புறம் அதுல பாதி நான் சேர்த்து எழுதினது. அழிக்க மாட்டேன், போடா!"

ஒரு பாதி கம்பெனிக்கு, மறு பாதி ரஃபீக்குக்கு. எனக்கு நிற்க வரப்புகூட இல்லை.

மேனேஜரிடமே போய், "சார், கம்பெனி பேர்லயே இலவசமா விட்டுடலாமே" என்று கெஞ்சினேன்.

"இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்று சம்மதித்தார்.

மிஷின்கள் நிற்கவில்லை. புரோகிராமில் உரிமையாளர் என்ற இடத்தில் கம்பெனி பெயரும் ரஃபீக் பெயரும் இருக்கின்றன.

இப்போதெல்லாம் லீவில் ஏதாவது எழுதத் தோன்றினால், முதலில் மேனேஜருக்கு போன் போடுகிறேன். அவர் எடுப்பதற்குள் ஆசை போய்விடுகிறது.