இடது கையில் செருப்பு

சான் ரொசென்டோ விமான நிலையத்தில் திவினா மகாலினோவைத் தெரியாத ஆள் இருந்தால், அந்த ஆள் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயது, கணீரென்ற குரல், எப்போதும் எதையாவது மெல்லும் வாய். இரண்டு விமானங்களுக்கு நடுவே கிடைக்கும் மூன்று நிமிடத்தில் மஞ்சள் பிக்கப் வண்டியோடு ஓடுபாதையில் இறங்கி, கழன்று விழுந்த போல்ட்டு, கிழிந்த டயர்த் துண்டு, அடிபட்ட கொக்கு என்று கிடப்பதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வெளியே வருவதுதான் அவள் வேலை. அதைப் பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள்.

"எங்கப்பா ஜீப்னி வண்டி ஓட்டி ரோட்டுல ஆள் ஏத்துனாரு. நான் ரோட்டுல ஆணி பொறுக்குறேன். குடும்பமே நடுரோடுதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

விமானங்களுக்கு வழி சொல்லும் டவரின் கதை வேறு. ஏழு பேர் பார்க்கவேண்டிய வேலையை நான்கு பேர் பார்த்தார்கள். ஓடுபாதையில் எது நிற்கிறது என்று காட்டும் ரேடார் எட்டு மாதமாகச் செத்துக் கிடந்தது. கேட்டால் பார்ட்ஸ் வருகிறது என்பார்கள். எந்தக் கப்பலில் வருகிறதோ, கடவுளுக்கே வெளிச்சம். போதாக்குறைக்குப் புது டெர்மினலின் கூரை ஓடுபாதையின் கிழக்குக் கோடியை மறைத்துவிட்டது. திவினா அந்தப் பக்கம் போய்விட்டால் டவரில் இருப்பவரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருப்பாள். மறக்காமலிருக்க மேசையில் ஒரு சிவப்பு அட்டைப் பட்டையை வைக்கவேண்டும் என்று விதி. அதே மேசையில் விமானத்துக்கு ஒன்றாக இன்னும் இருபது பட்டைகள் கிடக்கும்.

ஒரு ஜூன் மாத மாலை, மழை விட்ட நேரம். அன்று டவரில் செல்சோ. நல்ல பையன்தான், காலையிலிருந்து ஒரு வாய் சோறு தின்னவில்லை. திவினாவை உள்ளே போகச் சொன்னான். சிவப்புப் பட்டையை எடுத்து வைக்குமுன் ஒரு விமானத்தில் பயணி ஒருவருக்கு மாரடைப்பு என்று செய்தி. அதைக் கவனித்துக்கொண்டே, மேற்குக் கோடியில் காத்திருந்த விமானத்தைக் கிளம்பச் சொல்லிவிட்டான்.

கிழக்குக் கோடியில் திவினா கையில் ஒரு போல்ட்டோடு குனிந்திருந்தாள். வாக்கி டாக்கியில் அதைக் கேட்டதும் வண்டிக்குள் பாய்ந்து, ஸ்டியரிங்கை ஒடித்து, புல்லில் இறக்கினாள். வண்டி சேற்றில் புதைந்தது. விமானம் தலைக்கு மேலே போனது. மாதாவின் பெயர்கூட வாயில் வரவில்லை. வாக்கி டாக்கியை எடுத்து, தன் வண்டியின் அழைப்புப் பெயரைச் சொல்லிப் பேசினாள்.

"டவர், மஞ்சள் ஒண்ணு பேசுறேன். ஓடுபாதை காலி. நான் சேத்துல இருக்கேன், உசுரோடதான் இருக்கேன். யாராவது கயிறு கொண்டு வாங்கப்பா."

அன்று இரவு செல்சோ கேன்டீனில் வந்து அவள் எதிரே உட்கார்ந்து அழுதான். "அக்கா, நான் வேலைய விட்டுடறேன்."

"விட்டுட்டு? அப்புறம் டவர்ல மூணு பேருதான் மிஞ்சும். இன்னும் சீக்கிரம் என்னைய மேல அனுப்பிடலாம்னு பாக்குறியா?" என்று சர்க்கரை பூசிப் பொரித்த வாழைப்பழத்தை அவன் பக்கம் தள்ளினாள். "முதல்ல தின்னு. அப்புறம் நடந்தத நடந்தபடி எழுது. நானும் எழுதுறேன்."

இருவரும் எழுதினார்கள். மூன்று வாரத்தில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது: ஊழியர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்கவேண்டும். அவ்வளவுதான். திவினாவுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. மறுநாள் காலை தன் வீட்டு ரப்பர் செருப்பில் ஒன்றை, நாய் கடித்த ரோஸ் நிறச் செருப்பை, எடுத்துக்கொண்டு டவரின் படியேறி, அங்கிருந்தவர்களிடம் நீட்டினாள்.

"நான் ஓடுபாதையில இருக்குற வரைக்கும் இது உங்க இடது கையில இருக்கணும். வெளிய வந்துட்டேன்னு சொன்னப்புறம்தான் கீழ வைக்கணும். பட்டைய மறப்பீங்க சார், கையில செருப்ப வச்சிக்கிட்டு எவனும் என்னைய மறக்க மாட்டான்."

டவர் தலைவி அரோரா மேடம், சிரித்தால் பல் தேய்ந்துவிடும் என்று நினைப்பவர். "இது ஆபீஸ். செருப்புக் கடையில்ல" என்றார். ஆனால் எடுத்துப் போகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து திவினா உள்ளே போகுமுன் "செருப்பு கையில இருக்கா?" என்று கேட்பாள். "இருக்கு" என்று பதில் வந்தால்தான் வண்டி நகரும். ஒரே அலைவரிசை என்பதால் விமானிகளும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள். அவள் கணவன் நெஸ்தோர்தான் புலம்பினான்: "உன் செருப்புக்குக் கூட அரசாங்க வேலை கெடச்சிடுச்சு. எனக்குத்தான் கெடைக்கல."

அக்டோபரில் தலைநகரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். டவரைக் கழுவித் துடைத்தார்கள். மானம் போய்விடும் என்று செருப்பைக் காணாமல் ஆக்கினார்கள். மேசையில் சிவப்புப் பட்டை ஜம்மென்று அமர்ந்திருந்தது. இதெல்லாம் செல்சோ பிறகு சொல்லித்தான் திவினாவுக்குத் தெரியும். அப்போது அவள் ஓடுபாதையின் விளிம்பில் வண்டியை நிறுத்தியிருந்தாள்.

"மஞ்சள் ஒண்ணு, உள்ள போகலாம்" என்றான் செல்சோ.

"செருப்பு கையில இருக்கா?"

திவினா வாக்கி டாக்கியைத் தட்டிப் பார்த்தாள்.

"சார், கேக்குதா? செருப்பு?"

"மஞ்சள் ஒண்ணு... பட்டை வச்சிருக்கேன். போகலாம்."

"பட்டைய நம்பித்தானே சேத்துல கெடந்தேன்? நான் போகல."

வேலை போனாலும் போகட்டும் என்று இன்ஜினை அணைத்தாள். மனதுக்குள் பயம்தான். வரிசையில் மூன்று விமானங்கள் நின்றன. முதல் விமானத்திலிருந்து ஒரு கிழக் குரல்: "டவர், அந்தம்மா செருப்ப எடுங்கப்பா. அது வரைக்கும் நானும் நகரப் போறதில்ல." இரண்டாவது விமானமும் சொன்னது: "நாங்களும்தான்."

டவரில் அதிகாரி, "என்ன செருப்பு?" என்று கேட்டாராம். செல்சோவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ரேடார், கூரை, நான்கு பேர், ஜூன் மாத மாலை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அரோரா மேடம் எழுந்தார். தன் கைப்பையைத் திறந்தார்.

திவினாவின் வாக்கி டாக்கி கரகரத்தது. செல்சோவின் குரல் இல்லை.

"செருப்பு என் கையில இருக்கு. பெரிய சாரும் பாத்துக்கிட்டுதான் இருக்காரு. நிதானமா போய்ட்டு வா, திவினா."

அந்தக் குரல் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. திவினா கண்ணைத் துடைத்துக்கொண்டே சத்தமாகச் சிரித்தாள், வண்டியைக் கிளப்பினாள். ஜூனிலிருந்து அவள் ஒரு கண்ணைப் பின்கண்ணாடியில் வைத்தே ஓட்டிவந்தாள். அன்றைக்குக் கிழக்குக் கோடி வரை தரையை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள்.